கொடி தூக்கியவன்

சுதீஷ் மூன்று வருடம் கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தான். அந்த மூன்று வருடத்தில் அவன் மைதானத்துக்குள் ஆடியது மொத்தம் பதினேழு நிமிடம். அதிலும் ஆறு நிமிடம், ஏழு கோல் வாங்கிச் செத்துக் கிடந்த ஓர் ஆட்டத்தின் கடைசியில், இனி யார் இறங்கினால் என்ன என்ற நிலையில் கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, தன்னைக் கண்டாலே ஆகாத பதினோரு பேருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

பிறகு ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்டால், பிடிவாதம்தான். வேறு பெரிய காரணமெல்லாம் தேட வேண்டாம். பந்தாட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது. அவனைப் பந்தாட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் கலைக் கல்லூரி அது. அணியில் பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்கள். மாதா கோயில் திடலில், நடக்கக் கற்ற நாளிலிருந்து பந்து உதைத்து வளர்ந்த பையன்கள். அவர்களில் ஜூட் தனி ரகம். காலில் பந்து இருந்தால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான், யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

சுதீஷ் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். அப்பா சுமதிநாதன் மூன்று ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுபவர். வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. அதனால் மாலைப் பயிற்சிக்கு வரும்போதே கையில் டிபன் பாக்ஸோடு வருவான். எல்லோரும் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்கும்போது, இவன் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இட்லி தின்பான்.

"நீ ஆட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பான் கோல்கீப்பர் பூவரசன்.

இந்தக் கேலியோடு போயிருந்தால் சுதீஷுக்கும் எப்போதாவது ஓர் இடம் கிடைத்திருக்கும். கெடுத்தது முதல் வருடம் நடந்த வேறு ஒரு சமாச்சாரம்.

அந்த வருடம் ஒரு போட்டிக்கு ஜூட் தன் அண்ணனைக் கூட்டி வந்தான். அண்ணன் புதுச்சேரியில் ஒரு கம்பெனி அணியில் ஆடுபவன். கல்லூரி வாசலையே மிதிக்காதவன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாணவனின் அடையாள அட்டையில் அவனை இறக்கிவிட்டார்கள். இதெல்லாம் எல்லாக் கல்லூரியும் செய்கிற திருட்டுதான். அண்ணன் இரண்டு கோல் போட்டதும் எதிரணிக்குச் சந்தேகம் வந்தது. போட்டியை நடத்தியவர் நேராக பெஞ்சுக்கு வந்தார். அங்கே டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சாது முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, அந்த ஒம்பதாம் நம்பர் உங்க காலேஜ் பையனா?"

"இல்லைங்க சார்," என்றான் சுதீஷ்.

அரிய உண்மையைச் சொல்கிறோம் என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை. கேட்டார், சொன்னான். அவன் வீட்டில் யாரும் கேட்டதற்கு வேறு பதில் சொல்லிப் பழகியதில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் அணியை அந்த வருடம் முழுக்கத் தள்ளி வைத்தார்கள். ஜூட்டின் அண்ணனை அவன் கம்பெனி அணியும் கழற்றிவிட்டது. அன்றிலிருந்து சுதீஷுக்குப் பெயர் 'சாட்சி' ஆயிற்று. "சாட்சி, தண்ணி எடு." "சாட்சி, பந்து முள்ளுல போச்சு பாரு." ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் அந்தப் பட்டம் அவனுக்கே பிடித்துப்போயிற்று. ஆட்டம் தராத மரியாதையை அது தந்தது. வகுப்பில் யாராவது சண்டை போட்டுக்கொண்டால், "சாட்சியைக் கேளு, அவன் பொய் சொல்லமாட்டான்" என்பார்கள். பேராசிரியர்கள் வருகைப் பதிவேட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தன்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டான். கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது; அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை.

இரண்டாம் வருடம் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது. ஏழு கோல் வாங்கியது அப்போதுதான். மூன்றாம் வருடம் ஜூட் கேப்டன் ஆனான், அணி திடீரென்று நிமிர்ந்தது. எல்லோரையும் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவிட்டான். சோம்பினவனைக் கெட்ட வார்த்தையில் குளிப்பாட்டினான். விழுப்புரத்தில் நடந்த கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் நான்கு ஆட்டம் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சென்னைக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு இருந்தது. ஜூட் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே ஒரு மாதம் தூங்காமல் இருந்தான்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் ஒருவர்தான் வெளியிலிருந்து வருவார். கோட்டோரம் கொடி பிடித்து, பந்து வருமுன்பே எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நிற்கும் ஆஃப்சைடு தவறைப் பார்க்க, இரண்டு அணியும் தங்கள் பெஞ்சிலிருந்து ஆளுக்கொருவனைக் கொடுக்க வேண்டும். எதிரணி தாக்கும் பக்கம் ஒருவனை நிறுத்தினால் அவன் எல்லாவற்றுக்கும் கொடி தூக்குவான் என்பதால், தன் அணி தாக்கும் பக்கம்தான் நிறுத்துவார்கள். அப்போது அவன் எதற்கும் தூக்கமாட்டான். தூக்காததையாவது நடுவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆக, கொடி பிடிப்பவன் சும்மா நிற்பதற்காகவே நிறுத்தப்படுகிறவன். எல்லோருக்கும் அது தெரியும்.

அரையிறுதிக்கு முந்தின நாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஜூட் சுதீஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு நீதான் கொடி. மத்தவனுங்க யாரையும் வுட முடியாது, எனக்கு சப்ஸ்டிட்யூட் வேணும். கொடி கீழயே இருக்கட்டும். ஜெயிச்சா ஃபைனல்ல பதினொண்ணுல உன்னை இறக்கறேன். ரைட் பேக்."

"நெஜமாவா?"

"மாதா மேல சத்தியம்."

சுதீஷ் அன்று தன் பூட்ஸை இரண்டு முறை துடைத்து வைத்தான். மூன்று வருடமாகத் தேயாத பூட்ஸ் அது.

ஆனால் மறுநாள் கொடியைக் கையில் பிடித்ததும் அவனுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் பாதியில் ஜூட் இரண்டு முறை எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்று பந்து வாங்கினான். இரண்டுமே பச்சையான ஆஃப்சைடு. இரண்டு தடவையும் சுதீஷின் கை தானாக மேலே போயிற்று. நடுவர் சவுரிராயன், ஊரில் நேர்மைக்குப் பேர்போன மனிதர், முதல் தடவை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் தடவை லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் சுதீஷுக்கு ஒரு சாண் உயரம் கூடியது.

இடைவேளை வரை கோல் இல்லை. ஆட்டம் முடிந்தால் இருட்டிவிடும் என்று சுதீஷ் ஓரமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். அம்மா ஞானமதி விடியலில் எழுந்து கட்டிக் கொடுத்த இட்லியும் மல்லாட்டைத் துவையலும். முதல் விள்ளலை எடுப்பதற்குள் ஜூட் எதிரே வந்து நின்றான்.

"சொன்னது இன்னா, செஞ்சது இன்னாடா?"

"ரெண்டும் ஆஃப்சைடுதான் ஜூட். உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். அதுக்குத்தான் உன்னை நிக்கவெச்சேன். ஃபைனலும் இல்ல, ஒரு மயிரும் இல்ல உனக்கு. நாங்க ஜெயிச்சாலும் நீ பஸ்ல தனியாத்தான் வரணும். எங்க அண்ணன் சோத்துல மண்ணு போட்டவன்தானே நீ."

சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த பந்தை உதைத்தான். குறி வைத்து உதைத்தானா, கோபத்தில் உதைத்தானா, அது அவனுக்கே வெளிச்சம். பந்து டிபன் பாக்ஸில் பட்டது. நான்கு இட்லியும் மண்ணில் உருண்டன. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூவரசன் குனிந்து ஓர் இட்லியை எடுத்து ஊதிப் பார்த்து, "இன்னைக்கு உபவாசம், சாட்சி" என்று கீழே போட்டான்.

சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இனி மறுநாள் காலைதான் சாப்பாடு. சுதீஷ் டப்பாவை மூடிப் பையில் வைத்தான். பசி தெரியவில்லை, ஆத்திரம்தான் தெரிந்தது. மூன்று வருடத்து ஆத்திரம் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு ஏறியது. இவர்கள் தோற்க வேண்டும் என்று அவன் நினைத்தான். இவர்கள் தோற்று, இந்த ஜூட் தரையில் உட்கார்ந்து அழ வேண்டும்.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் இருந்தபோது அது நடந்தது. எதிரணியில் இடப்பக்கம் தடுத்தாடும் லெஃப்ட் பேக்குக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டு, அவன் கார்னர் ஓரத்தில், மைதானத்துக்குள்ளேயே, சுதீஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் எழுந்து வெளியே போகவில்லை. அவன் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை, கீப்பரை விட்டால், அவன்தான் கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி ஆள். அவனைத் தாண்டாதவரை யாரும் ஆஃப்சைடு ஆக முடியாது. நடுவில் இருந்தவர்கள் ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. சுதீஷ் கவனித்தான். பையனின் முனகல்கூடக் காதில் கேட்டது.

அந்த நேரத்தில் நடுவிலிருந்து நீளமாக ஒரு பாஸ் வந்தது. ஜூட் மற்ற இரண்டு ஆட்களைத் தாண்டி முன்னால், ஆனால் உட்கார்ந்திருந்தவனைத் தாண்டாமல் நின்றிருந்தான். பந்தை நெஞ்சில் வாங்கி, கீப்பரைச் சுற்றிப் போய், காலியான வலைக்குள் தட்டினான். மைதானம் முழுவதும் கத்தியது.

சுதீஷின் கொடி மேலே இருந்தது.

இந்த முறை கை தானாகப் போகவில்லை. உட்கார்ந்திருந்த பையனை ஒரு தடவை பார்த்தான், ஜூட்டை ஒரு தடவை பார்த்தான், பிறகு தூக்கினான். நல்ல கோல் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கினான்.

சவுரிராயன் ஓடி வந்தார். அதற்குள் லெஃப்ட் பேக் நொண்டிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

"உறுதியா சொல்றியா தம்பி? இது உங்க டீம் கோலு."

"உறுதிங்க சார். ஆஃப்சைடு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கோல் இல்லை என்று கையைக் காட்டினார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போயிற்று. சுதீஷின் அணி தோற்றது. ஜூட் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். சுதீஷ் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

பூவரசனும் நான்கைந்து பேரும் சுதீஷைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஓர் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாம் அடி விழுவதற்குள் ஜூட் எழுந்து வந்தான்.

"வுடுங்கடா அவனை. மொதல் பாதில ரெண்டு தூக்கினான், ரெண்டும் கரெக்ட். இதுவும் கரெக்டாத்தான் இருக்கும். நான் ரெண்டடி முன்னாடி இருந்தேன், எனக்கே தெரிஞ்சுது. இவன் மூஞ்சில முழிக்க எனக்குப் புடிக்கல. ஆனா இவன் பொய் சொல்லமாட்டான்."

அடித்திருந்தால் சுதீஷ் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான். இந்தப் பேச்சு அவனை எங்கேயோ குத்தி அங்கேயே நின்றுவிட்டது. தான் யாருடைய கோலைக் கெடுத்தானோ, அவனே தனக்கு நற்சான்று கொடுக்கிறான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அதற்குள் சவுரிராயன் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த டீமுக்கே கொடி தூக்குற ஆளை நான் இருவது வருஷத்துல பாத்ததில்ல. ரெஃப்ரி பரீட்சை எழுதுப்பா," என்றார். திறந்த வாய் "சரிங்க சார்" என்று மூடிக்கொண்டது.

அதோடு அந்த அணியும் கலைந்தது. அடுத்த வருடம் கல்லூரி கால்பந்துக்கு ஆள் சேர்க்கவே இல்லை. இறுதி ஆட்டத்துக்கு வந்த சென்னைக்காரர் வேறு யாரோ ஒருவனை எடுத்துக்கொண்டு போனார்.

சுதீஷ் பரீட்சை எழுதினான். பகலில் திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில் வேலை, சனி ஞாயிறில் விசில். ஊர் ஊராகப் போனான். போகும் இடமெல்லாம் அந்தக் கதை அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "சொந்த கேப்டன் கோலுக்கே கொடி தூக்கினவரு" என்றுதான் அறிமுகம். அவன் பெனால்டி கொடுத்தால் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. பத்மப்ரியாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவள் அப்பாவுக்கு யாரோ இதைச் சொல்லியிருந்தார்கள். "பையன் பொய்யே பேசமாட்டானாமே," என்று அவர் காப்பியை நீட்டினார். இவன் தலையைக் குனிந்துகொண்டான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூட் சென்னைக்குப் போகவில்லை. உடற்கல்விப் படிப்பு முடித்து, கோலியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாராகச் சேர்ந்தான். சேர்ந்த வருடமே ஓர் ஆட்டத்துக்கு சுதீஷை நடுவராகக் கூப்பிட்டான். அடுத்த வருடமும் கூப்பிட்டான். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் தொடங்குமுன் பையன்களை வரிசையாக நிற்கவைத்து அந்தக் கதையைச் சொல்வான். சுதீஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூஞ்சி கறுத்துப்போய்க் கேட்டுக்கொண்டு நிற்பான். வரமாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

நான்காம் வருடம், போன மாதம், போவதற்குமுன் முடிவு செய்துகொண்டான். சொல்லிவிடுவது. உதைத்தால் உதைக்கட்டும்.

விளையாட்டுச் சாமான் அறையில் ஜூட் தனியாக உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"ஜூட், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ ஆஃப்சைடு இல்ல."

பம்பு நிற்கவில்லை.

"அந்த லெஃப்ட் பேக் கார்னர்ல உக்காந்துக்கினு இருந்தான். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தூக்கினேன்."

"தெரியும்," என்றான் ஜூட்.

சுதீஷ் திரும்பிக் கதவைச் சாத்தினான்.

"என் தங்கச்சி ரோஸ்லின் அன்னைக்கு போன்ல வீடியோ எடுத்துக்கினு இருந்தா. பத்து நாள் கழிச்சு காமிச்சா. அவன் உக்காந்துக்கினு இருக்கறது, நீ அவனைக் குனிஞ்சு பாக்கறது, அப்புறம் தூக்கறது. எல்லாம் சுத்தமா தெரியுது."

"அப்புறம் ஏன் யாருக்கும் காட்டல?"

ஜூட் பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தான். இன்னும் காற்று போதவில்லை.

"காட்டினா? எனக்கு மெட்ராஸ் திரும்பி வருமா? உன்னை ஒரு வாரம் திட்டுவானுங்க, அப்பால மறந்துட்டு வேலையப் பாப்பானுங்க. நீயும் ஜாலியா உரம் வித்துக்கினு இருப்பே. இப்போ பாரு. நான் கூப்ட்டா வர்றே. நான் சொல்றதை நின்னு கேக்கறே. நல்லவன் நல்லவன்னு நான் சொல்லச் சொல்ல உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கத்தான்டா வருஷா வருஷம் கூப்பிடறேன்."

"இன்னைக்கு நானே பசங்ககிட்ட சொல்லிடறேன்."

"சொல்லேன்," என்று ஜூட் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வெளியே இரண்டு அணிப் பையன்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஜூட் வழக்கம்போல் ஆரம்பித்தான். தன் கோல், சுதீஷின் கொடி, தோல்வி, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். "சார் அன்னைக்கு நெனச்சிருந்தா கொடியைக் கீழ வெச்சிருக்கலாம். வெக்கல. உண்மைதான் பெருசுன்னு தூக்கினாரு."

சுதீஷ் ஓர் அடி முன்னால் வந்தான். "அது உண்மை இல்லப்பா. அது ஆஃப்சைடே இல்ல. கோபத்துல நான் பொய்யா கொடி தூக்கினேன். உங்க சார் போட்டது நல்ல கோலு," என்றான்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஜூட்டைப் பார்த்தார்கள். ஜூட் சிரித்துக்கொண்டே சுதீஷின் தோளில் கை போட்டான். விரல்கள் எலும்பில் அழுந்தின.

"பாத்தீங்களாடா? நான் தோத்துப்போனவன்னு நீங்க நெனச்சிடக்கூடாதாம். அதுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கறாரு. இப்படி ஒரு மனுஷனை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

முதலில் கோல்கீப்பர் பையன் கை தட்டினான். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து தட்டியது. சுதீஷ் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பையன்கள் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். சுதீஷ் விசிலை வாயில் வைத்தான். ஊதுவதற்கு மூச்சு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.